ஏழாம் நம்பர் குச்சி

நைட்ரஜன் ஊத்தியாச்சு. புகையும் அடங்கியாச்சு. இனி எட்டு நிமிஷத்துக்கு ஜூடித்துக்கு ஒரு சோலியும் கெடையாது, மூணு கால் ஸ்டூல்ல உக்காந்து மெஷினப் பாக்கணும், அவ்வளவுதான். அது சுத்தும், இவ பாப்பா. ஏழு வருஷமா இந்தக் குடித்தனந்தான் நடக்கு. ஊர்ல யாராவது என்னம்மா ஆராய்ச்சி பண்ணுதன்னு கேட்டா, ஒரு எவர்சில்வர் தட்டு சுத்துது, அது மேல பென்சில் துண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குச்சி அமுங்கி நிக்கி, ரெண்டும் மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரியில தண்ணியா இருக்கிற நைட்ரஜனுக்குள்ள முங்கிக் கெடக்கு, ஒரு மணி நேரத்துல குச்சி எவ்வளவு தேயுதுன்னு நிறுத்துப் பாக்கேன்னு சொல்லுவா. கேட்டவுக மரியாதைக்குக் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, சரிம்மா, கல்யாணம் எப்பன்னு கேப்பாங்க. அம்மா மட்டும் வேற தினுசு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். டாக்டர் எக்ஸ்ரேயத் தூக்கிப் பிடிச்சு எலும்பும் எலும்பும் உரசுதுன்னு சொன்ன அன்னைக்கே வீட்டுக்கு வந்து, ஏழு வருஷமா தேய்மானத்தப் படிக்கியே, பெத்தவ முட்டிக்கு ஒரு வழி சொல்லுட்டின்னு கேட்டா. மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுக்குக் கொண்டு போனா தேயாதும்மான்னு இவ சொன்னா. அங்க போனா முட்டி இருக்கும், நான் இருக்க மாட்டேனேன்னு அம்மா சொன்னா. அந்த வீட்ல வாயிக்கு மட்டும் தேய்மானமே கெடையாது.

மணி மூணு அஞ்சு. மூணுக்கு ஆரம்பிச்ச ஓட்டம், நாலுக்கு முடியும். வெளிய தூத்துக்குடி கார்த்திகை மாசத்து மூட்டத்தோட புழுங்கிக்கிட்டு நின்னுச்சு. மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது, கடல்ல இருந்து கெளம்பின ஈரம் அப்படியே காலேஜ் சுவரேறிக் குதிச்சு லேபுக்குள்ள வந்து இவ கழுத்துல உக்காந்துரும். ஏசி இருக்கு. இருக்குன்னு சொல்லலாம், வேற ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரே ரூம்ல உலகத்துலயே குளுந்த வாளி ஒண்ணும், அதுக்குப் பக்கத்துல வேர்த்து ஊத்துற பொம்பள ஒருத்தியும். இந்த நைட்ரஜன் கேன் கொண்டு வர்ற வண்டிக்காரர் இங்க ரெண்டு கேன் எறக்கிட்டு, மிச்சத்த மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவாரு, அங்க காளை விந்த இந்தக் குளுர்லதான் வருஷக் கணக்கா வச்சிருக்காங்க. ஒரு தடவை கேன் மாறிப் போச்சு. மூடியத் தொறந்தா வரிசையா கலர் கலரா குழாய், ஒவ்வொண்ணுலயும் ஒரு காளையோட பேரு. கொம்பையா அண்ணாச்சி அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல. ஏழு வருஷத்துல இந்த லேப்ல இருந்து ஏதாவது பெறந்துருக்கும்னா அன்னைக்குத்தான் டாக்டரம்மான்னாரு. கொம்பையா அண்ணாச்சி லேப் உதவியாளரு, இவ சேர்ந்த முதல் நாள்ல இருந்து இவள டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாரு. முதல் வருஷம் அது கேலி. மூணாவது வருஷம் ஆசீர்வாதம். இப்ப அதக் கேட்டாலே சின்னதா ஒரு இடத்துல வலிக்கி, எந்த இடம்னு எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்.

ஆனா இன்னைக்கு ஓடுறது கடைசிக் குச்சி. எட்டு விதமான பிளாஸ்டிக், விதத்துக்கு மூணு குச்சி, மொத்தம் இருபத்து நாலு. இருபத்து மூணு முடிஞ்சு, நிறுத்து, எழுதி, படம் வரைஞ்சு, புஸ்தகமா பைண்ட் பண்ண ஆளும் பாத்தாச்சு. திங்கக்கெழம ஆய்வேட்ட யுனிவர்சிட்டில கொடுக்கணும். இந்த ஒரு குச்சி ஏழாம் நம்பர்ல மூணாவது. ஏழாம் நம்பர் இவ கையால கலந்தது, நைலான் பொடியில கிராஃபைட்டச் சேத்து, அச்சுல போட்டு அமுக்கி, பொம்பளப் பிள்ளைக்கு மருதாணி வைக்கிற மாதிரி பாத்துப் பாத்துச் செஞ்சது. தோசைக்கல்லுல தடவுற டெஃப்லான் இருக்கே, அதத்தான் உலகம் பூரா இந்தக் குளுர் வேலைக்குப் போடுறாங்க. டெஃப்லான் குச்சி ஒரு மணி நேரத்துல ஆறு மில்லிகிராம் தேஞ்சுது. ஏழாம் நம்பர் பாயிண்ட் நாலு. ஆறு எங்க, பாயிண்ட் நாலு எங்க. முதல் தடவை அந்த எண்ணு தராசுல வந்தப்ப ஜூடித் தராசுக் கதவத் தொறந்து மூடித் தொறந்து மூடி நாலு தடவை பாத்தா. வழிகாட்டி திரவியம் சார் அன்னைக்குத்தான் இவளுக்கு முதல் முதலா கேண்டீன்ல வடை வாங்கிக் கொடுத்தாரு. குளுர்ல நைலான் கல்லா இறுகிருது, அதான் தேயலன்னு காரணமும் சொன்னாரு, காரணம் கேக்கவும் நல்லாத்தான் இருந்துச்சு. அவரு யார் யாருகிட்டயோ பேசி, கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வால்வு கம்பெனிக்காரரு இன்னைக்கு நாலு மணிக்கு வாராரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால வெள்ளையா ஒசரமா ஆக்சிஜன் டேங்கு நிக்குமே, அடியில குழாய் பூரா பனி அப்பிக்கிட்டு, அந்தக் குழாயோட வால்வுக்குள்ள இருக்கிற வளையத்த இந்த ஏழாம் நம்பர்ல செய்யலாம்னு ஒரு யோசனை. ஜூடித்தோட சரக்கு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போகப்போவுது. அம்மாகிட்ட சொன்னப்ப, அப்ப எனக்கு அங்க முட்டி ஆபரேஷன் ஃப்ரீயா செய்வாங்களான்னு கேட்டா.

எட்டு நிமிஷம். எந்திரிச்சு, முகமூடிய எறக்கி, தோல் கையொறைய மாட்டி, கேனச் சாச்சு ஊத்தினா. சுர்ருன்னு ஒரு சத்தம், அப்புறம் குப்புன்னு வெள்ளப் புகை மேசையெல்லாம் வழிஞ்சு தரையில எறங்கி இவ செருப்பத் தடவிட்டுப் போச்சு. சிந்தின நாலு சொட்டு தரையில உருண்டு உருண்டு ஓடி எங்கயும் ஒட்டாம மாயமாப் போச்சு. திரும்பி வந்து உக்காரும்போதுதான் மேசையில அந்தப் பாட்டிலப் பாத்தா. கொம்பையா அண்ணாச்சி மத்தியானம் ஸ்டோர்ல இருந்து ரெண்டு சாமான் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருந்தாரு, ஒரு டிஷ்யூ பேப்பர் டப்பா, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். நாலு மாசம் முன்ன எழுதிப் போட்டேன், இப்பத்தான் ஸ்டோர்காரனுக்கு வெடிஞ்சிருக்குன்னாரு. என்ன ஏதுன்னு இவ கேக்கல. இப்ப பாக்குதா. சிலிக்கா ஜெல். புதுச் செருப்பு டப்பாவுக்குள்ள சின்னப் பொட்டலத்துல வருமே, அந்த ஈரம் உறிஞ்சுற மணிதான், லேபுக்குக் கிலோக் கணக்குல வரும், அதுல ஈரத்துக்கு நெறம் மாறுற சாயம் சேத்திருப்பாங்க. பாட்டில் பூரா நீலம். ஸ்கூல் இங்க் மாதிரி, மயில் கழுத்து மாதிரி, அப்படி ஒரு நீலம். நல்லாருக்கேன்னு நெனச்சா. நெனச்சிக்கிட்டே கண்ணு தானா சன்னல் பக்கம் போச்சு. அங்க கண்ணாடி ஜாடி இருக்கு. தடிச்ச கண்ணாடி, காத்துப் புகாம கிரீஸ் தடவின மூடி, நடுவுல ஓட்டை போட்ட பீங்கான் தட்டு, தட்டுக்குக் கீழ சிலிக்கா மணி. ஓட்டம் முடிஞ்ச குச்சிய அதுலதான் ஒரு ராத்திரி காய வச்சு மறுநாள் நிறுக்கிறது. அந்த மணி ரோஸ். கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் மாதிரி, சீரா, அழகா, ஒண்ணு விடாம ரோஸ்.

பாட்டில் ஒட்டுச் சீட்டுல சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு, நீலம்னா காஞ்சிருக்கு, ரோஸ்னா ஈரம் நெறஞ்சாச்சு, மாத்து, இல்ல வறுத்து எடு. இதப் படிச்சுத் தெரிஞ்சிக்கிடணுமா என்ன. இவ முதல் வருஷத்துலயே சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்தாளே, ரோஸ் ஆனா அடுப்புத் தட்டுல கொட்டி ரெண்டு மணி நேரம் வறுக்கணும், வறுத்தா நீலம் திரும்பிரும்னு. இவளே வறுத்திருக்கா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வறுத்திருக்கா. அப்புறம் கொரோனா வந்து லேபப் பூட்டி, ஒண்ணர வருஷம் கழிச்சுத் தொறந்தப்ப ஜாடி ரோஸா இருந்துச்சு. எலிப்புழுக்க, செலந்தி வலை, கரண்ட் இல்ல, கேன்ல நைட்ரஜன் இல்ல, அதுல ஜாடி கலர எவ பாத்தா. அதுக்குப் பெறகு ரோஸ்தான். இருபத்து மூணு குச்சியும் அதுக்குப் பெறகுதான் ஓடுச்சு. ஜூடித் ஒவ்வொண்ணா விரல மடக்கிக் கணக்குப் பாத்தா. ஓட்டத்துக்கு முன்னால குச்சிய அடுப்புல ஈரம் போக வாட்டி எடுத்துத்தான் நிறுப்பா, அது சரியான எடை. ஓட்டம் முடிஞ்சு வெளிய எடுத்தா இந்த ஊரு ஈரக் காத்து அதுல பனியா அப்பும், பனி உருகித் தண்ணியாவும், தொடச்சிட்டு ஜாடிக்குள்ள வைப்பா. திரும்ப அடுப்புல வச்சா தேஞ்ச எடம் கெட்டுப்போவும், மைக்ராஸ்கோப்புல பாக்க முடியாதுன்னு சாரு கண்டிப்பா சொல்லிருக்காரு, அதனால ஜாடிதான் காய வைக்கணும். அந்த ஜாடி காய வைக்கல. டெஃப்லான் தண்ணி குடிக்காது, அது உத்தமன், அதோட ஆறு மில்லிகிராம் ஆறுதான். ஆனா நைலான் குடிக்கும். நைலான் மொடாக் குடிகாரன். தேஞ்சு போன எடைக்குப் பதிலா தண்ணியக் குடிச்சிட்டு மறுநாள் காலையில ஒண்ணும் நடக்காத மாதிரி தராசுல ஏறி நின்னிருக்கான். பாயிண்ட் நாலு. கேண்டீன் வடை.

அப்படி இருக்காதுன்னு ஒடனே ஒரு குரல். நாலு மில்லிகிராம் தண்ணிய ஒரு ராத்திரியில குடிக்குமா, குடிக்காது. ரெண்டு குடிக்கலாம். மூணு. இல்ல, ஜாடி மூடிதான இருக்கு, உள்ள அப்படி என்ன ஈரம். ரோஸ்னாலும் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். செய்யுமா. இவ பாட்டில் மூடியத் திருகி ஒரே ஒரு நீல மணிய எடுத்து மேசையில, பேனா பக்கத்துல வச்சா. தொறந்த காத்துல கெடக்கட்டும். நாலு மணி வரைக்கும் நீலமாவே கெடந்துச்சுன்னா இந்த ரூம்ல அவ்வளவு ஈரம் இல்லன்னு அர்த்தம். இது என்ன சோதனை, இத எந்தப் பத்திரிகையில போடுவா, மேசையில ஒரு மணிய வச்சு மாதாவ வேண்டினேன்னா எழுதுவா. ஆனா வச்சா. வச்சிட்டு அதப் பாக்காம மெஷினப் பாத்தா. மெஷின் அது பாட்டுக்கு சுத்துச்சு. சாதாரண சூட்டுல ஓட்டினா கிய்யா முய்யான்னு கத்துற தட்டு, குளுருக்குள்ள போனா வாய மூடிரும், ஸ்ஸ்ஸ்னு தூங்குறவ மூச்சு மாதிரி ஒரே சத்தம். உராய்வு கூடினா கோடு ஏறும், கொறஞ்சா எறங்கும், ஸ்கிரீன்ல கோடு ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல. இவளுக்கும் குளுருக்கும் சின்ன வயசுலயே ஒரு கணக்கு உண்டு. அப்பா மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் கம்பெனியில கம்ப்ரஸர் ஓட்டினாரு. எட்டு வயசுல அங்க போனப்ப, தொட்டியில இருந்து அப்பத்தான் தூக்கின ஐஸ் பாளத்த இவ நக்கிப் பாத்தா. நாக்கு ஒட்டிக்கிட்டு. கத்தவும் முடியல, நாக்கு அங்கல்லா இருக்கு. அப்பா கையில வச்சிருந்த டீய அப்படியே இவ வாயிலயும் ஐஸ்லயும் சேத்து ஊத்தினாரு. ஒட்டினது குளுரு இல்ல, ஈரம். காஞ்ச விரல வச்சா ஒண்ணும் செய்யாது, ஈர நாக்குதான் மாட்டும். அது அன்னைக்கே தெரியும் இவளுக்கு. நாக்குல தோல் உரிஞ்சு மூணு நாளு கஞ்சி குடிச்சுத் தெரிஞ்சிக்கிட்டது. அதுக்கு மேல ஏழு வருஷம் படிச்சு அத மறந்திருக்கா.

மூணு இருபத்தி நாலு. ஊத்தினா. உக்காந்தா. மணிய ஓரக்கண்ணால பாத்தா, நீலந்தான், கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கு, ட்யூப்லைட் வெளிச்சமாக்கூட இருக்கலாம். தெரியாமப் போச்சுன்னு சொல்லலாம். தெரியாமத்தான போச்சு. தெனம் அந்த ஜாடியத் தொறந்து தெனம் மூடினவளுக்கு, மூடியத் தூக்கக் கூடாது, கிரீஸ் கெட்டியாப் பிடிச்சிருக்கும், ஓரமாத் தள்ளித்தான் எடுக்கணும்னு கை தானாத் தெரிஞ்சு வச்சிருந்தவளுக்கு, உள்ள இருந்த கலர் மட்டும் தெரியாமப் போச்சு. அங்க வந்து யோசனை சிக்கிக்கிட்டு. முள்ளுல சேலை மாட்டின மாதிரி. இழுத்தா கிழியும், விட்டா நகர முடியாது. ஏன்னா ஒரு நாள் கொம்பையா அண்ணாச்சி கேட்டாரு. எந்த நாளுன்னு கூட ஞாபகம் இருக்கு, ஏழாம் நம்பர் முதல் குச்சி நிறுத்ததுக்கு மறுநாளு, வடைக்கு மறுநாளு. ஜன்னல் தொடச்சிக்கிட்டே, என்ன டாக்டரம்மா, இந்த மணி முன்ன நீலமால்லா இருக்கும், கலர் மாறிட்டுன்னாரு. இவ கம்ப்யூட்டர்ல இருந்து தலையத் தூக்கக்கூட இல்ல. அது அப்டித்தான் அண்ணாச்சின்னா. அவ்வளவுதான். அவரும் சரின்னுட்டுத் தொடைக்கப் போயிட்டாரு, டாக்டரம்மாவே சொல்லுதான்னு. அது அப்டித்தான். அந்த ரெண்டு வார்த்தைய அவ எங்க இருந்து எடுத்தா. பஸ் வரலன்னா அது அப்டித்தான், ஸ்காலர்ஷிப் வரலன்னா அது அப்டித்தான், பொண்ணு பாக்க வந்தவன் பதில் சொல்லலன்னா அது அப்டித்தான்மா விடுங்க, களைச்ச வாயில எப்பவும் ரெடியாக் கெடக்கிற வார்த்தை. தலையத் தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்ப, தெரிஞ்சிரும்னுதான் தூக்கலையா. அப்படியும் சொல்ல முடியாது. அப்படி இல்லன்னும் சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உரசிக்கிட்டே சுத்துது, எது தேயுதுன்னு எந்தத் தராசும் சொல்லாது. நாலு மாசம் முன்ன எழுதிப் போட்டேன்னாரே அவரு. இவ கேக்கல, சாரும் கேக்கல, மனுஷன் தானாப் போயி எழுதிப் போட்டிருக்காரு. அப்ப அவருக்கு மனசுல ஒரு உறுத்தல் இருந்திருக்கு. பத்தாவது ஃபெயிலு, ஜன்னல் தொடைக்கிறவரு, அவருக்கு இருந்திருக்கு.

மூணு முப்பத்திரெண்டு. ஊத்தும்போது கையொறைக்கு மேல ஒரு சொட்டு தெறிச்சு மணிக்கட்டுல சுருக்குன்னுச்சு, நல்லதுதான், கொஞ்சம் முழிப்பு வந்துச்சு. இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்கு. செய்யணும்னா சுலபமாச் செஞ்சிரலாம். ஜாடியில இருக்கிறதக் குப்பைத் தொட்டியில கொட்டிட்டு நீலத்த நெரப்பிட்டா ரெண்டு நிமிஷ வேலை. கோயம்புத்தூர்க்காரர் வந்து பாப்பாரு, ஆஹா நீலம். இன்னைக்குக் குச்சிய எப்பவும் போல தொடச்சு வச்சா நாளைக்குத் தேய்மானம் கூடத்தான் காட்டும், காட்டட்டும், மூணுல ஒண்ணு பெசகாப் போச்சுன்னு எழுதிரலாம், பெசகுக்குன்னே ஒரு சூத்திரம் இருக்கு, அதுல போட்டா பெசகு கூட மரியாதையா ஆயிரும். திங்கக்கெழம கொடுத்திரலாம். கொடுத்துட்டு வீட்டுக்குப் போயி ஒரு மாசம் தூங்கலாம். அவளுக்கு ஆசை எல்லாம் பட்டம் மேல கூட இல்ல, தூக்கத்து மேலதான். ஹாஸ்டல்ல கூட இருந்தவளுக எல்லாம் போயாச்சு. ஒருத்தி ஓமன்ல, ஒருத்திக்கு ரெண்டாவது பிள்ளைக்குக் காது குத்து, ஒருத்தி இதே காலேஜுல வாத்தியாரம்மா ஆயி இவளப் பாத்தா, இன்னும் இங்கதானான்னு கேட்டுட்டு வாட்டர் பாட்டிலத் தூக்கிட்டுப் போறா. முப்பத்து மூணு வயசுல ஏசுவே சோலிய முடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு. இவ குச்சி தேய்க்கா. சரி, கொட்டிரு, நெரப்பிரு, யாருக்குத் தெரியப் போவுது. அங்க அந்த டேங்கு வந்து நின்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால, வெள்ளையா, அடியில பனி அப்பின குழாயோட. உள்ள ஒரு வளையம், அஞ்சு வருஷம் தாங்கும்னு எவனோ இவ புஸ்தகத்தப் பாத்துக் கணக்குப் போட்டு மாட்டினது. வளையத்துக்கு இவ புஸ்தகம் படிக்கத் தெரியாது, அது பாட்டுக்கு தேயும். ஒரு நாளு வால்வு மூடினா மூடாது. உள்ள படுத்திருக்கிறவங்களுக்குப் போக வேண்டியது தரையில வெள்ளப் புகையா வழிஞ்சு போவும், இதோ இவ செருப்பத் தடவுற மாதிரி. உள்ள யாரு படுத்திருப்பான்னு அவ யோசிக்க மாட்டேன்னு நெனச்சா. முட்டி ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்துப் படுக்க வச்சிருந்த அம்மா வாயத் தொறந்து, என்னட்டி இது, தேயாதுன்னியேன்னு கேட்டா.

மூணு நாப்பது, மூணு நாப்பத்தெட்டு, ரெண்டு தடவை ஊத்தினதும் கை தானாச் செஞ்சுது. புத்தி டிஷ்யூ டப்பாகிட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு. இன்னொண்ணு இருக்குல்லா. ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் நைட்ரஜன் ஆவியாப் போன பெறகு மெஷின் தொட்டிக்குள்ள அடியில ஒரு மாவு கெடக்கும். டெஃப்லானுக்கு வெள்ள மாவு. ஏழாம் நம்பருக்குக் கருப்பு மாவு, கிராஃபைட் கருப்பு, கண்ணு மை மாதிரி. டிஷ்யூ எடுத்துத் தொடச்சுப் போட்டுருவா. ரெண்டு குச்சிக்கும் தொடச்சிருக்கா. ஒரு டிஷ்யூ பத்தாது, மூணு நாலு எடுப்பா, விரல் எல்லாம் கருப்பாயி சோப்புப் போட்டுக் கழுவுவா. குச்சி தேயவே இல்லன்னா அந்த மாவு எங்க இருந்து வந்துச்சு, வானத்துல இருந்து பெய்ஞ்சுதா. கையில கருப்ப வச்சிக்கிட்டு நோட்டுல பாயிண்ட் நாலுன்னு எழுதியிருக்கா, அதே கையால. நோட்டுப் பக்கத்துல ஓரத்துல ஒரு விரல் ரேகை கூட இருக்கும். எந்திரிச்சுப் போயி பாக்கல. இருக்கும்னு தெரியும். திரும்பி மேசையப் பாத்தா. மணி நீலம் இல்ல. ரோஸும் இல்ல, கத்திரிப்பூக் கலர்ல, எங்க போறதுன்னு தெரியாம நடுவுல நின்னுச்சு. இவ அதப் பாத்துச் சிரிச்சா, சத்தம் வரல, மூக்குல காத்து மட்டும் வந்துச்சு. நாலு மணிக்கு மெஷின் தானா நின்னுச்சு. தட்டு ஒரு சுத்து சும்மா சுத்தி அடங்கிச்சு. தொட்டியில மிச்சம் கொதிச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆச்சு. இடுக்கியால குச்சியத் தூக்கினா. கருப்பா, சின்னதா, சுண்டுவிரல் நுனி மாதிரி. தூக்கின ஒடனே அதுல வெள்ள ரோமம் மொளைக்க ஆரம்பிச்சுது, பாத்துக்கிட்டு இருக்கும்போதே, பூஞ்சை புடிக்கிற மாதிரி, தூத்துக்குடி காத்துல இருக்கிற ஈரம் பூரா ஓடி வந்து அது மேல உக்காந்துச்சு. இருபத்து மூணு தடவை இதப் பாத்திருக்கா. அழகா இருக்குன்னு ஒரு தடவை போட்டோ கூட எடுத்து வாட்ஸ்அப்புல வச்சிருந்தா.

வராண்டாவுல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. திரவியம் சாரு முன்னால, பின்னால வெள்ளச் சட்டையில கோயம்புத்தூர்க்காரரு, அவருக்குப் பின்னால தட்டுல நாலு டீயோட கொம்பையா அண்ணாச்சி. சார் மொகத்துல புது மாப்பிள்ளக் களை. இவருதான் சிவசாமின்னு அறிமுகம் பண்ணி வச்சிட்டு, என்னம்மா, நம்ம ஏழு என்ன சொல்லுதுன்னு கேட்டாரு. ஜூடித் டிஷ்யூ டப்பாவக் கிழிச்சு ஒண்ணு எடுத்தா, தொட்டிக்கு அடியில ஒரே இழுப்பா இழுத்தா, விரிச்சு அவருகிட்ட நீட்டினா. வெள்ளையில தடியா ஒரு கருப்புக் கோடு. "தேஞ்சிருக்கு சார்"னா. சாரு சிரிச்சாரு, கொஞ்சம் தேயத்தான் செய்யும்னு சிவசாமி பக்கம் திரும்பினாரு. இவ நகராம நின்னதப் பாத்துட்டுத் திரும்ப இந்தப் பக்கம் திரும்பினாரு. இவ சன்னல்கிட்ட போயி ஜாடி மூடிய ஓரமாத் தள்ளினா, கிரீஸ் பிடிச்சு வர மாட்டேன்னு நின்னு, அப்புறம் வந்துச்சு. ஒரு ரோஸ் மணிய எடுத்து, பாட்டில்ல இருந்து ஒரு நீல மணிய எடுத்து, ரெண்டையும் உள்ளங்கையில வச்சு நீட்டினா. அவ்வளவுதான் செஞ்சா. இருபத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்த மனுஷன், அதுக்கு மேல சொல்ல வேண்டியிருக்கல. அவரு பாத்தாரு. கண்ணாடியக் கழத்தித் தொடச்சு மாட்டிட்டு மறுபடி பாத்தாரு. அவரும்தான் வாரத்துக்கு ரெண்டு நாளு இந்த ஜாடியக் கடந்து போயி அந்த நாக்காலியில உக்காந்திருக்காரு. மொகத்துல இருந்த களை ஒவ்வொண்ணா எறங்கிப் போறத ஜூடித் பாத்துக்கிட்டே நின்னா, பாக்கவும் முடியல, திரும்பவும் முடியல.

எத்தனை நாளான்னு கேட்டாரு. லாக்டவுன்ல இருந்துன்னா. எல்லாமான்னாரு. நைலான் இருக்கிறது எல்லாம்னா. அப்பத்தான் கொம்பையா அண்ணாச்சி டீத் தட்ட மேசையில வச்சிட்டுக் கையத் தொடச்சிக்கிட்டு முன்னால வந்தாரு. "அது எம்மேல தப்பு சார். மணி மாத்துறது என் சோலி. நாந்தான் மாத்தாம விட்டுட்டேன், பிள்ளைக்கு என்ன தெரியும்"னாரு. ரொம்ப சாதாரணமா, விழுந்து கெடக்கிற குடைய எடுத்துக் கொடுக்கிற மாதிரி சொன்னாரு. சாரு அவரப் பாத்தாரு. அந்த ஒரு நிமிஷம் ஜூடித்துக்கு ஒடம்பு அப்படியே லேசாச்சு. அவருக்கு என்ன ஆயிரும், ஒரு மெமோ கொடுப்பாங்க, அது அவருக்குப் பத்தோட பதினொண்ணு. இவ வாயத் தொறக்க வேண்டாம். சும்மா நின்னாப் போதும். தலையத் தூக்காம இருந்தாப் போதும், ஏற்கெனவே பழகின வேலைதான். தூக்கினா. "இல்ல சார். அண்ணாச்சி கேட்டாங்க, கலர் மாறிட்டுன்னு. அது அப்டித்தான்னு சொன்னது நான்." குரல் கடையில சாமான் கேக்கிற மாதிரி வந்துச்சு. கொம்பையா அண்ணாச்சி தரையப் பாத்துக்கிட்டு, அதுக்கென்ன இப்பன்னு முனங்கினாரு. சிவசாமி இது வரைக்கும் மூணு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தவரு, ஏனுங்க, அப்ப வளையம் தேயுமுங்களான்னு கேட்டாரு. தேயும் சார், எவ்வளவுன்னு இப்ப எங்களுக்குத் தெரியாதுன்னு ஜூடித்துதான் சொன்னா. அவரு தல ஆட்டினாரு. கோவமா, நிம்மதியா, கண்டுபிடிக்க முடியல. போட்டதுக்கு அப்புறம் தெரியறதுக்கு இப்பத் தெரியறது தேவலைங்கன்னு சொல்லிட்டு வராண்டாவுக்குப் போயி போன் பேச ஆரம்பிச்சாரு.

சாரு மூணு கால் ஸ்டூல்ல உக்காந்தாரு. திட்டுவாருன்னு இவ நின்னா, அவரு திட்டல, திட்டுறதுக்கும் தெம்பு வேணும்லா. திங்கக்கெழமன்னு மட்டும் சொன்னாரு, கேள்வியா இல்லையான்னு தெரியல. திங்கக்கெழம மெஷின் சும்மாதான சார் கெடக்கு, ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிக்கேன்னா. அவரு மூக்குல இருந்து ஒரு காத்து வந்துச்சு, சிரிப்புன்னும் வச்சிக்கிடலாம். இவ அடுப்பு சுவிட்சப் போட்டுட்டு, ஜாடியத் தூக்கித் தகரத் தட்டுல கவுத்தா. ரோஸ் மணி எல்லாம் கலகலன்னு கொட்டி ஓரம் வரைக்கும் ஓடுச்சு. மேசையில பேனா பக்கத்துல கெடந்த ஒத்த மணியையும் எடுத்து அதுல போட்டா, எதுன்னு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அதுவும் ரோஸாத்தான் போயிருந்துச்சு. கொம்பையா அண்ணாச்சி அவ பங்கு டீய எடுத்துத் தொட்டுப் பாத்துட்டு, ஆடை கட்டி ஆறிப்போச்சே டாக்டரம்மான்னாரு. அது அப்டித்தான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. அத அங்கயே முழுங்கினா. "சூடு பண்ணிக் கொண்டாங்க அண்ணாச்சி"ன்னா.